கிராபிக்ஸ் ஸ்டாண்டர்ட வாசிக்கிறதுக்கும் காசா?

தறிக்கட்டம் (மருதமுனை):
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். எங்கட ஊர்ல தறி டிசைன் இன்னும் கட்டத்தாள்ல பென்சிலாலதான் போடுற, வாப்பா போட்ட தாள் கனக்க பூச்சி தின்டு போயிட்டு, அதால நான் ஒரு சின்ன சொஃப்ட்வெயார் எழுதிட்டு வாறன். பாவும் ஊடும் சந்திக்கிற ஒரு இடத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். டிசைன பிடிஎஃப்பா எடுத்து சரியான அளவுல பிறின்ட் பண்ணணும், நாலு அங்குலக் கரை என்டா தாள்லயும் நாலு அங்குலம் வரணும். பிடிஎஃப்புக்கு, ஐஎஸ்ஓ என்ட சர்வதேச தர அமைப்பு போட்ட ஐஎஸ்ஓ 32000 என்டு ஒரு ஸ்டாண்டர்ட் இரிக்கு என்டாங்க, தேடிப் போனா ஐஎஸ்ஓ தளத்துல விலை சுவிஸ் பிராங்குல போட்டிரிக்கு. ஒரு சேலைக்கு நெசவுக்கூலி எவ்வளவு என்டு தெரிஞ்ச ஆள் அந்த விலைய நம்மட காசுக்கு மாத்திப் பார்த்தா வாயடைச்சுப் போவார். எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும் என்டுதானே ஸ்டாண்டர்ட் போடுற, மறுகா அத பூட்டி வச்சா எப்பிடி ஒரே மாதிரி செய்யிற? இது பிழை என்டுதான் நான் சொல்றன்.

வாவிக்கரை_அச்சகம் (மட்டக்களப்பு):
தம்பி, ஆத்திரம் விளங்குது. ஆனா நான் மற்றப்பக்கத்துல நிக்கிறன், ஏனெண்டு சொல்றன். ஸ்டாண்டர்ட் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு பிறின்டிங்காரனக் கேளுங்க. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்ச கல்யாணக் காட்ட இன்னொரு கொம்பியூட்டர்ல திறந்தா இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்து நிக்கும், மாப்பிள்ளட பேரையே ராவு ரெண்டு மணிக்கு இருந்து திரும்ப அடிச்ச நாள் எனக்கு இருக்கு. அப்பிடிப்பட்ட குழப்பத்த தீர்க்க ஆக்கள் கூடி இருந்து கதைக்கணும், அது சும்மா நடக்காது. ஐஎஸ்ஓவில கிராபிக்ஸுக்கு எஸ்சி 24 எண்டு ஒரு குழு 1987ல இருந்து இருக்கு. புது வேலைக்கு பிரேரணை, பிறகு வேலை வரைவு, குழு வரைவு, பிறகு நாடுகளுக்கு சுத்துக்கு விட்டு வாக்கெடுப்பு. வாக்குப் போட்ட பங்குபற்று நாடுகள்ல மூண்டில ரெண்டு பங்கு ஓம் எண்டு சொல்லணும், மொத்த வாக்குல காலுக்கு மேல எதிர்ப்பு வரக்கூடாது. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. அமெரிக்காவுக்கும் ஒண்டுதான், நம்மட நாடு அந்தக் குழுவில சேர்ந்தா நமக்கும் ஒண்டுதான். இந்த நியாயம் வேற எங்க கிடைக்கும்? அந்த ஒஃபிஸ நடத்த காசு வேணும்தானே.

வந்தாறுமூலை_கணினி:
அண்ணன், ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு எண்டது நல்லது, மறுக்கேல்ல. ஆனா அந்த வழியால கிராபிக்ஸ்ல என்ன வந்திச்சு எண்டும் பாருங்க. 1976ல பிரான்ஸ்ல செய்யாக் எண்ட இடத்துல கூடிக் கதைச்சுத்தான் கிராபிக்ஸுக்கு ஸ்டாண்டர்ட் வேணும் எண்ட பேச்சு உருவெடுத்திச்சு, அதுக்குப் பிறகு ஜேர்மன் ஆக்கள் தயாரிச்ச ஜிகேஎஸ் எண்ட, புரோகிராமால படம் வரையிற முறை ஐஎஸ்ஓ 7942 ஆகி வெளிய வரேக்க 1985. ஒம்பது வருஷம்! அதுவும் ரெண்டு பரிமாணம் மட்டும், அந்த நேரம் உலகம் முப்பரிமாணத்துக்குப் போயிட்டு. அதுக்கெண்டு ஃபிக்ஸ் எண்ட ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட் 1989ல வந்திச்சு, 1992ல சிலிக்கன் கிராபிக்ஸ் கொம்பனி ஓப்பன்ஜிஎல் எண்ட படம் வரையிற முறைய வெளிய விட்டதும் புரோகிராம் எழுதுற ஆக்கள் அங்கால போயிட்டாங்க. ஓப்பன்ஜிஎல் ஸ்பெக்க, அதான் அதுட விதி எழுதின டொக்குமென்ட்ட, எவரும் சும்மா இறக்கி வாசிக்கலாம். நான் படிச்சதே அப்பிடித்தான், இரவல் லெப்டொப்புல.

வாவிக்கரை_அச்சகம்:
அதத்தான் நானும் சொல்ல வாறன் தம்பி. ஓப்பன்ஜிஎல் ஒரு கொம்பனிட ஐரிஸ் ஜிஎல் எண்ட சொந்தச் சாமான்ல இருந்து வந்தது. மைக்ரோசொஃப்ட் ஓப்பன்ஜிஎல்லுக்கு இருந்த மேற்பார்வைச் சபையில இருந்து 2003ல விலகிச்சு, தன்ட டைரக்ட்எக்ஸோட போயிட்டு. அப்பிள் 2018ல ஓப்பன்ஜிஎல்ல கைவிடப்போறம் எண்டு அறிவிச்சு தன்ட மெட்டலோட நிக்குது. வாசிக்க சும்மா கிடைக்குது, முடிவு ஆர்ட கையில?

வந்தாறுமூலை_கணினி:
ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டும் விருப்பம் எண்டா பாவிக்கிறதுதானே அண்ணன், ஐஎஸ்ஓ போட்டதுக்காக அப்பிளக் கட்டாயப்படுத்த ஏலாது. மற்றது, அந்தக் காசு எழுதின ஆக்களுக்குப் போறதெண்டு கனபேர் நினைக்கிற. இல்ல. குழுவில இருக்கிற நிபுணர்மாருக்கு ஐஎஸ்ஓ சம்பளம் கொடுக்கிறதில்ல, அவங்கட கொம்பனியும் யுனிவேர்சிட்டியும்தான் செலவப் பாக்குது. இலவசமா எழுதிக் கொடுக்கிற ஒண்ட விலைக்கு விக்கிறது எனக்கு மனசுக்கு ஒத்துவரேல்ல.

களுவாஞ்சிக்குடி_அக்கா:
இடையில வாறன். கொழும்புல ஒரு கொம்பனியில தரக்கட்டுப்பாட்டுப் பக்கம் கன வருஷம் வேல செய்தனான், ஸ்டாண்டர்ட் வாங்கித் தாறதே என்ட வேலையா இருந்திச்சு. நீங்க ரெண்டு பேரும் டொக்குமென்ட்ட விலைய மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. வாசிக்க சும்மா, பாவிக்கக் காசு எண்ட நிலமையும் இருந்தது. ஜிஃப் படத்த ஆரும் எழுதலாம் எண்டுதான் எல்லாரும் இருந்தாங்க, 1994 கடைசியில அதுக்குள்ள இருக்கிற எல்இசட்டபிள்யூ சுருக்கு முறைக்கு யுனிசிஸ் கொம்பனி பேட்டன்ட் காசு கேட்டிச்சு. அந்தக் கோவத்துலதான் கொஞ்சப்பேர் இணையத்துல கூடி 1995ல பிஎன்ஜி எண்ட புதுப் பட வடிவத்த எழுதத் தொடங்கினாங்க, 1996 ஒக்டோபர்ல வெப்புக்கு ஸ்டாண்டர்ட் போடுற டபிள்யூ3சி அத ஏத்துக்கொண்டது, பிறகு அதே பிஎன்ஜி ஐஎஸ்ஓ 15948 ஆச்சு. குழுவும் இருந்தது, வேகமும் இருந்தது, வாசிக்கவும் இலவசம். அச்சகத் தம்பி, சும்மா கிடைக்கிறதெல்லாம் கொம்பனிச் சாமான் இல்ல கா.

இன்னொண்டு, ஒரே எழுத்து ரெண்டு வாசல்ல இருக்கும். ஜேபெக் ஐஎஸ்ஓ 10918-1. அதே எழுத்து ஐநாட தொலைத்தொடர்பு அமைப்பு ஐடியூட தளத்துல டி.81 எண்ட பேர்ல காசில்லாம கிடக்கு. எழுத்துக் குறியீட்டுக்கு உள்ள 10646, ஃபொன்ட்டுக்கு உள்ள 14496-22 ரெண்டையும் ஐஎஸ்ஓவே இலவசமாத் தருது, பாமினித் தொல்லையில இருந்து நாங்க தப்பினதுக்கு அதுகள்தான் காரணம். மருதமுனைத் தம்பி, நீங்க தேடுற பிடிஎஃப் ஸ்டாண்டர்ட், 32000-2, பிடிஎஃப் அசோசியேசன் தளத்துல 2023ல இருந்து இலவசம், அனுசரணைக் கொம்பனிகள் செலவ ஏத்துக்கொண்டதால. பேர பதிஞ்சு எடுங்க.

தறிக்கட்டம்:
அக்கா, எடுத்திட்டன்! ராவு முழுக்க இருந்து வாசிச்சன், ஆயிரம் பக்கத்துக்கிட்ட. சந்தோசம்தான், ஆனா ஒன்டு சொல்லணும். இது இலவசம் என்டு எனக்குத் தெரியாம ரெண்டு கிழமை நின்டு போனன். ஐஎஸ்ஓ கடைப் பக்கத்துல விலைதான் முன்னுக்கு நிக்குது, மற்ற வாசல் இரிக்கு என்டு சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்ட. நீங்க இல்லாட்டி நான் ஆரோ இணையத்துல அரைகுறையா எழுதிப்போட்டத நம்பித்தான் எழுதியிருப்பன், அதாலதானே பைல் ஒரு இடத்துல திறக்குது மற்ற இடத்துல திறக்குதில்ல.

படத்தையும் ஜேபெக்ல இருந்து பிஎன்ஜிக்கு மாத்திட்டன். ஜேபெக் 8க்கு 8 புள்ளியா பிரிச்சு சுருக்குறதால சிவப்பு நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் நடுவுல இல்லாத ஒரு நிறம் வருது, தறியில அப்பிடி ஒரு நூல் இல்லயே. பிஎன்ஜியில நிறப்பட்டியல் வச்சு எழுதலாம், 256 நிறம் வரைக்கும், எங்களுக்கு ஆறு நூலே தாராளம்.

வாவிக்கரை_அச்சகம்:
அக்கா, பிஎன்ஜி கதைய ஏத்துக்கொள்றன், தெரியாத விசயம். ஆனா பிடிஎஃப் கிடைச்சதோட முடிஞ்சுதா? அச்சுக்கு அனுப்ப பிடிஎஃப்-எக்ஸ் வேணும், அது 15930, வேற ஸ்டாண்டர்ட், ஐஎஸ்ஓ அத விக்குது. அது என்னைப் போல ஆக்களுக்கு உழைச்சுத் தருது, அதுக்கு காசு கட்டுறது அநியாயம் எண்டு நான் சொல்லமாட்டன். தொழில் செய்யிறவன் மெஷினுக்கு கட்டுறான், மைக்கு கட்டுறான்.

வந்தாறுமூலை_கணினி:
மை முடிஞ்சு போற சாமான் அண்ணன், எழுத்து முடியாது. தொழில் செய்யிற நீங்க கட்டலாம், படிக்கிற பிள்ள என்ன செய்யும்? இலங்கையில ஐஎஸ்ஓவுக்கு உறுப்பினர் எஸ்எல்எஸ்ஐ எண்ட தேசிய தர நிறுவனம்தான், அது கொழும்பு 8ல இருக்கு, இங்க இருந்து ஒரு ராப்பயணம். ஓப்பன்ஜிஎல்ல இப்ப பாக்கிற கொம்பனிக் கூட்டு குரோனோஸ், 3டி படத்துக்கு எழுதின ஜிஎல்டிஎஃப் 2.0ஐ ஐஎஸ்ஓ 2022ல 12113 எண்டு ஏத்துக்கொண்டது, குரோனோஸ் தளத்துல அது இண்டைக்கும் இலவசம். ரெண்டு பக்கமும் சேர ஏலும் எண்டு அதுவே காட்டுது, அப்ப மத்ததையும் அப்பிடிச் செய்யட்டும்.

வாவிக்கரை_அச்சகம்:
செலவ ஏத்துக்கொள்ள ஆள் இருக்கிற இடத்துல செய்யலாம். இல்லாத இடத்துல அந்த வாக்கெடுப்பு நிண்டு போறதுக்கு நான் சம்மதிக்கமாட்டன், இதுல நான் மாறப்போறதில்ல.

தம்பி மருதமுனை, அளவு சரியா வருதா?

தறிக்கட்டம்:
பிடிஎஃப்ல ஒரு அங்குலத்துக்கு 72 அலகு அண்ணன், நாலு அங்குலக் கரைக்கு 288 போட்டன். பிறின்ட் எடுத்தா கொஞ்சம் சின்னனா வந்திச்சு. தேடிப் பார்த்தா வாசிக்கிற சொஃப்ட்வெயார் தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்குது, அத நிப்பாட்ட பிறின்ட்ஸ்கேலிங் என்டு ஒரு வசதி ஸ்டாண்டர்ட்லயே எழுதியிரிக்கு, அதப் போட்டிட்டன்.

வாவிக்கரை_அச்சகம்:
பைல அனுப்புங்க. நாளைக்கு கடை திறந்ததும் எடுத்து, அடிமட்டம் வச்சு அளந்து சொல்றன்.