எம்எஸ் உள்ளவருக்கு நெய், வைட்டமின் டி, மலச்சிக்கல்: சில சந்தேகங்கள்

கேள்வி:
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு (எம்எஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) டைமெத்தில் ஃப்யூமரேட் மருந்து எடுக்கிறவர், நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும் ஸ்வாங்க் டயட்டுக்கு மாறினால் நெய், தேங்காய் எண்ணெயை அடியோடு விடணுமா? வாராந்திர 60,000 யூனிட் வைட்டமின் டியைத் தொடரலாமா? மலச்சிக்கலும் இருக்கு.

பதில் 1:
ஸ்வாங்க் கணக்கில் நிறைவுற்ற கொழுப்பு நாளைக்கு 15 கிராமுக்குள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே சுமார் 12 கிராம் போயிடும். நெய்யில் எட்டு, ஒன்பது. தாளிக்க நல்லெண்ணெய் போதும். ஆனா எந்த டயட்டும் மருந்துக்கு மாற்றில்லை, அப்படிச் சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க. டைமெத்தில் ஃப்யூமரேட் கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போட்டால் முகம் சிவந்து எரியலாம், வயிறு புரட்டலாம். முட்டை, நிலக்கடலை மாதிரி புரதமும் கொழுப்பும் உள்ள சாப்பாட்டோடு போடுங்க. திறந்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

பதில் 2:
60,000 யூனிட் வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்யத்தான், பெரும்பாலும் 8 வாரம். பிறகு ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவுன்னு காட்டும் 25-ஹைட்ராக்ஸி அளவைப் பார்த்துட்டு டாக்டர் குறைப்பார். பலர் வாரத்துக்கு ஒன்றைத் தினமும் போட்டுடறாங்க. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், ஏன் மலச்சிக்கலே கூட வரும், சிறுநீரகமும் கெடும்.

பதில் 3:
சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறாங்களா, பாருங்க. மலம் இறுகும், சிறுநீர்த் தொற்றும் வரும். ஒன்றரை முதல் 2 லிட்டரைப் பகலிலேயே முடிச்சிடணும். படுக்கும் முன் 2 மணி நேரம் வேண்டாம். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், மலச்சிக்கலுக்குத் தரும் இசப்கோல் (நார்ச்சத்துள்ள உமி) தரக் கூடாது, தொண்டையில் ஊறி அடைச்சிடும்.

பதில் 4:
பயோட்டின் (பி வகை வைட்டமின்) அதிக அளவில் எடுத்தால் ரத்தப் பரிசோதனைக்கு முன் சொல்லிடுங்க. தைராய்டு முடிவு தப்பாக வரலாம்.