வடக்குத் தெரு சொந்தங்கள்: ஆற்றங்கரை வயலில் வட்டம்

செந்தில்: [படம்]

செந்தில்: [படம்]

செந்தில்: நம் ஆற்றங்கரை வயல். கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் விட்டபோது மேலிருந்து தெரிந்தது. நடுவில் மூன்று வட்டம். பெரியதில் ஒரு காரை நிறுத்தலாம்.

மீனா சித்தி: ஐயோ

மீனா சித்தி: [வீடியோ – பலமுறை பகிரப்பட்டது]

மீனா சித்தி: இதைப் பாருங்கள். லண்டன் பக்கம் கோதுமை வயலில் இதே வட்டம்தான். ராத்திரியில் வானத்திலிருந்து ஏதோ இறங்கியதாம்.

சந்திரா அத்தை: இங்கேயும் அதே பேச்சுதான். காலையிலிருந்து பையன்கள் வரப்பில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நாலு பேர் உள்ளேயே இறங்கிவிட்டார்கள். குத்தகைக்காரர் கலியமூர்த்தி தொண்டை வற்றக் கத்துகிறார்.

பாலு சித்தப்பா: மூன்று வருஷமாகக் குலதெய்வத்துக்குப் படையல் இல்லை. நான் சொன்னால் யார் கேட்கிறீர்கள்

சந்திரா அத்தை: அதை இப்போது ஆரம்பிக்காதே பாலு

கார்த்தி சுவிண்டன்: சித்தி, அது லண்டன் இல்லை, வில்ட்ஷயர். இங்கிருந்து காரில் பக்கம்தான். போன ஜூலையில் ஒன்றைப் பார்த்தேன். வயல்காரர் வாசலில் உண்டியல் வைத்திருந்தார், மிதிபடும் கோதுமைக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று.

கார்த்தி சுவிண்டன்: வானத்திலிருந்து யாரும் வரவில்லை. டக் பவர், டேவ் சோர்லி என்று இரண்டு பேர். 1978-இலிருந்து ராத்திரியில் ஒரு பலகையும் கயிறும் எடுத்துப் போய்ப் பயிரை மிதித்து மடக்கினார்கள். 1991-இல் அவர்களே பத்திரிகையில் ஒத்துக்கொண்டு, நிருபர்கள் முன்னால் செய்தும் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள். 2001-இல் மில்க் ஹில்லில் வந்தது 409 வட்டம்.

மீனா சித்தி: உள்ளே போன கால்தடமே இல்லையாமே?

கார்த்தி சுவிண்டன்: மருந்தடிக்க டிராக்டர் போகும் சக்கரத் தடம் வயல் முழுக்க இருக்கும். அதிலேயே நடந்து போவார்கள். டக் பவருடைய மனைவி, கார் இத்தனை மைல் ஓடியிருக்கிறதே, ராத்திரியில் எங்கே போகிறார் என்று சந்தேகப்பட்டுவிட்டார். அதனால்தான் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சந்திரா அத்தை: பாலுவின் அம்பாசடர் ஞாபகம் வருகிறது

மீனா சித்தி: அந்தக் கதை வேண்டாம் அண்ணி

பாலு சித்தப்பா: அக்கா!!

முருகேசன் பெரியப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்த்தி சொல்கிற வட்டத்தில் பயிர் ஒரே பக்கமாக மடிந்து படுத்திருக்கும், ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும். நம் வயலில் நடுவில் வைக்கோல் நிறம், அதைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியேதான் பச்சை. இது மனிதன் மிதித்ததும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை. புகையான் பூச்சி மாதிரி இருக்கிறது. 34 வருஷம் வேளாண்மைத் துறையில் இருந்தவன் சொல்கிறேன், ஆனால் படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். செந்தில், வட்டத்தின் ஓரத்தில் இறங்கு, நடுவில் போகாதே. நடுவில் காய்ந்துவிட்டது, பூச்சி பச்சைக்கு நகர்ந்திருக்கும். நெற்குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரைப் பார். ஒரு தட்டு தட்டு.

செந்தில்: சரி பெரியப்பா

மீனா சித்தி: பூச்சி எப்படி இவ்வளவு ரவுண்டாக வட்டம் போடும்?

முருகேசன் பெரியப்பா: நல்ல கேள்வி மீனா. முதலில் நீள இறக்கை உள்ளது பறந்து வந்து ஓரிடத்தில் இறங்கும். அங்கே நல்ல தீனி கிடைத்தால் அடுத்த தலைமுறையில் இறக்கை குட்டையாக நிறையப் பிறக்கும். அதற்குப் பறக்க வராது. இறங்கின இடத்திலேயே சாற்றை உறிஞ்சி, குத்து காய்ந்ததும் பக்கத்துக் குத்துக்குப் போகும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நகர்வதால் வட்டம். மேலே பச்சையாகவே தெரியும், அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். மேகமூட்டம், பனி, நெருக்க நடவு, தேங்கின தண்ணீர், அளவுக்கு மேல் யூரியா, இத்தனையும் அதற்கு விருந்து.

சந்திரா அத்தை: யூரியா

பாலு சித்தப்பா: தெரியும், இப்போது எல்லோரும் என்னைப் பார்ப்பீர்கள். பயிர் வெளிறியிருக்கிறது என்று கலியமூர்த்தி சொன்னார், இரண்டு மூட்டை அனுப்பினேன். நல்லதுக்குத்தான் செய்தேன்.

முருகேசன் பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை பாலு.

மீனா சித்தி: பொங்கலுக்கு யார் யார் வருகிறீர்கள்? கரும்பு சொல்ல வேண்டும்

சந்திரா அத்தை: மீனா, இரு

செந்தில்: [படம்]

செந்தில்: பெரியப்பா, தூர் கறுத்துப் போய்ப் பிசுபிசு என்றிருக்கிறது. தட்டினேன். மிளகுத்தூள் கொட்டினது போலத் தண்ணீரில் விழுந்து, உடனே பக்கவாட்டில் ஓடித் திரும்பத் தண்டில் ஏறுகிறது. ஒரு குத்தில் எண்ண முடியவில்லை.

முருகேசன் பெரியப்பா: புகையான்தான். தூருக்கு ஒன்று இருந்தாலே கவனிக்கச் சொல்வோம். சிலந்தி கண்ணில் படுகிறதா?

செந்தில்: ஒன்றிரண்டு

முருகேசன் பெரியப்பா: அதைக் காப்பாற்ற வேண்டும். கடையில் எதையாவது கொடுத்துவிடுவார்கள், சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்து எதுவும் வேண்டாம். சிலந்தி செத்துப் புகையான் இரட்டிப்பாகும். முதல் வேலை தண்ணீரை வடிப்பது, மூன்று நாலு நாள் காயட்டும். இவ்வளவு இருப்பதால் வேப்பெண்ணெய் போதாது. பைமெட்ரோசின் ஏக்கருக்கு 120 கிராம். ஆனால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு வாங்கு. மேலே தூவினால் ஒரு பயனும் இல்லை, பயிரை விலக்கி அடித்தூரில் அடிக்க வேண்டும். அடுத்த வருஷமாவது எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது இடைவெளி, விட்டு நடச் சொல்லுங்கள், நான் பத்து வருஷமாக

முருகேசன் பெரியப்பா: கை பட்டு அனுப்பிவிட்டது. பத்து வருஷமாகச் சொல்கிறேன்.

கார்த்தி சுவிண்டன்: அப்பா, மாத்திரை போட்டீர்களா

செந்தில்: தண்ணீரை எந்தப் பக்கம் வடிப்பது? வடிகால் சித்தப்பா வயல் வழியாக. அப்பா இருந்த காலத்திலிருந்து அடைத்துத்தான் கிடக்கிறது.

சந்திரா அத்தை: பாலு?

சந்திரா அத்தை: பாலு, படித்துவிட்டாய், தெரிகிறது

பாலு சித்தப்பா: பழைய கோபம் எதுவும் இல்லை. நாளை மறுநாள் என் வயலுக்கு அறுப்பு மெஷின் வருகிறது. தண்ணீர் வந்தால் மெஷின் இறங்காது, திரும்பப் பொங்கல் கழித்துத்தான் கிடைக்கும்.

செந்தில்: நாலு நாளில் இது வயல் முழுக்கப் போய்விடும் சித்தப்பா. மூன்று மா, ஒரு ஏக்கர் நிலம். கலியமூர்த்தி அண்ணன் நகையை வைத்து நட்டிருக்கிறார்.

மீனா சித்தி: இன்சூரன்ஸ் இருக்கிறதே?

முருகேசன் பெரியப்பா: அது ஊர் அளவில் அறுவடைச் சோதனை வைத்துத் தருவது. ஒரு வயல் மட்டும் போனால் வராது.

பாலு சித்தப்பா: எஞ்சின் வைத்து ஆற்றுப் பக்கம் இறைத்தால்?

செந்தில்: டீசல்?

மீனா சித்தி: டீசல் நாங்கள் போடுகிறோம்

பாலு சித்தப்பா: மீனா

மீனா சித்தி: யூரியா அனுப்பினோம் இல்லையா, டீசலும் அனுப்புவோம்

முருகேசன் பெரியப்பா: மருந்துச் செலவு என்னுடையது. இந்த வருஷக் குத்தகையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், கலியமூர்த்தியிடம் இப்போதே யாரும் நெல் மூட்டைக் கணக்குப் பேச வேண்டாம்.

பாலு சித்தப்பா: குத்தகையை ஏன் அண்ணா இதில் இழுக்கிறீர்கள்

சந்திரா அத்தை: நேரில், நேரில்

செந்தில்: எஞ்சின் யாரிடம் இருக்கிறது? நம்முடையது ரிப்பேர்.

பாலு சித்தப்பா: மெஷின்காரரிடமும் கேட்கிறேன், இரண்டு நாள் தள்ள முடியுமா என்று. உறுதி சொல்லவில்லை.

செந்தில்: அண்ணன் இன்னும் வரப்பில்தான் நிற்கிறார். வேடிக்கை பார்க்க வந்ததில் நீ ஒருவன்தான் தூரைப் பார்த்தாய் என்றார்.

முருகேசன் பெரியப்பா: நாளைக் காலை ஐந்தரை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் யாரையும் உள்ளே இறங்க விடாதே.

சந்திரா அத்தை: அண்ணா, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பனி கொட்டுகிறது. சித்தி சொன்ன கரும்பு எத்தனை கட்டு என்று யாராவது பதில் சொல்லுங்கள்.