வெளி சேர் குஷன் எல்லாம் போச்சு, கம்மி செலவுல சரி பண்ண வழி சொல்லுங்க

தங்கச்சிமடம்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு தங்கச்சிமடம், கடலுக்கு நடந்து போற தூரம்தான். முன் வராண்டாவுல நாலு இரும்பு சேர் கிடக்கு, சாயங்காலமானா அப்பாவும் அம்மாவும் அங்கதான் இருப்பாங்க, ராமேஸ்வரம் வர்றவங்களுக்கு மாடியில ரெண்டு ரூம் விடுறதால அவங்களும் வந்து உக்காருவாங்க. சேர் நல்லாத்தான் இருக்கு, குஷன்தான் பாக்க சகிக்கல. 20 இஞ்ச் சதுரம், 3 இஞ்ச் கனம், மொத்தம் நாலு. மேல இருக்க ரெக்ஸின் வெடிச்சு பொளந்து நிக்குது, தையல் நூல் இத்துப்போயி கையால இழுத்தாலே வருது, உள்ள ஃபோம் மஞ்சளாயிருச்சு. எல்லாத்தையும் விட பெரிய தொல்லை என்னன்னா மழையே இல்லாத நாள்லயும் காலையில தொட்டா பிசுபிசுன்னு ஈரமா இருக்கு, முடை நாத்தம் வேற.

புதுசா அடிக்க விசாரிச்சேன், நமக்கு கட்டுபடியாகாது. 2000 ரூபாய்க்குள்ள முடிக்கணும். அம்மாவோட பழைய கால் மிஷின் இருக்கு, நேர் தையல் எனக்கு நல்லா வரும். அந்த ஃபோமை வச்சுக்கலாமா தூக்கி போட்டுரலாமா? திரும்ப ரெக்ஸினே போடலாமா? மழையில்லாம ஈரம் எங்கேருந்துதான் வருது? தெரிஞ்சவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

கீழக்கரை_தையல்லாத்தா:

தங்கச்சி, கடைசியா கேட்டதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும், மத்த ரெண்டுக்கும் விடை அதுக்குள்ளயே இருக்கு. ஈரம் உப்புல இருந்து வருது. கடக்காத்துல வர்ற உப்பு துணியில படிஞ்சு தையல் ஓட்டை வழியா ஃபோமுக்குள்ள போயி உக்காந்துரும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுச்சுண்டா உப்பு அந்த ஈரத்த இழுத்து தானாவே கசிய ஆரம்பிச்சுரும், அடுப்படியில உப்பு டப்பாவ திறந்து வச்சா என்ன ஆகுதோ அதேதான் குஷனுக்குள்ளயும் நடக்குது. நம்ம கரையில ராத்திரி 75 தாண்டுறது சாதாரணம். உப்பு உள்ள இருக்க வரைக்கும் குஷன் காயாது, காயாத இடத்துல பூஞ்சை பிடிக்கும், நீங்க சொல்ற முடை நாத்தம் அந்த பூஞ்சைதான்.

அதனாலதான் ரெக்ஸின் வேண்டவே வேண்டாம்ண்டு சொல்றேன். ரெக்ஸின்ங்கிறது துணி மேல பிவிசி பூசுனது. அது வளைஞ்சு குடுக்கிறதுக்காக ஒரு எண்ணெய்ப்பசை சேப்பாங்க, வெயில்ல அது போகப்போக இறுகி வெடிக்குது. வெடிக்காத புது ரெக்ஸின்லயும் தையல் ஓட்டை வழியா தண்ணி உள்ள போகும், ஆனா திரும்பி வர வழி கிடையாது.

ஃபோமை மஞ்சளா இருக்குண்டு மட்டும் தூக்கி போடாதீங்க. வெளிச்சமும் காத்தும் பட்டா எந்த பாலியூரித்தேன் ஃபோமும் மஞ்சளாகும், அது ஒரு குறையே இல்ல. உள்ளங்கையால நல்லா அமுக்கி விட்டு பாருங்க, உடனே எழும்புனா வச்சுக்கலாம். பள்ளமாவே நின்னுச்சுண்டா இல்ல விரலால தேய்ச்சா தூளா உதிர்ந்துச்சுண்டா அது முடிஞ்ச ஃபோம். பெரும்பாலும் மேல் பக்கம்தான் கெட்டுருக்கும், அந்த ஒரு இஞ்ச மட்டும் நீளமான கட்டர் பிளேடால சீவி எடுத்துட்டு புதுசா ஒரு இஞ்ச் ஷீட் வாங்கி ரப்பர் பசை போட்டு ஒட்டிருங்க, நாலையும் புதுசா வாங்குறத விட செலவு ரொம்ப கம்மி. 32 டென்சிட்டி கேளுங்க, ஒரு கன மீட்டர் 32 கிலோ இருக்குண்டு அர்த்தம், 40 கிடைச்சா இன்னும் நல்லது, 32க்கு கீழ உள்ளது சீக்கிரம் அமுங்கிரும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி கழுவணும், இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. பெரிய டப்புல சோப்புத்தூள் கரைச்சு ஃபோமை போட்டு காலால மிதிச்சு மிதிச்சு அழுக்க எடுங்க, முறுக்கி பிழிஞ்சீங்கண்டா கிழிஞ்சுரும். போர் தண்ணி உப்பா இருந்தா அதுல எத்தனை தடவ அலசுனாலும் உப்பு மேல உப்புதான் ஏறும், அதனால கடைசி ரெண்டு அலசு காவிரி தண்ணியில இல்ல பிடிச்சு வச்ச மழைத்தண்ணியில அலசுங்க. கரும்புள்ளி இருந்தா பாதி வினிகர் பாதி தண்ணி கலந்து ஒரு மணி நேரம் விட்டு கழுவுங்க. ஆனா வினிகர் போட்ட இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டுறாதீங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், மூச்ச அடைக்கும். காத்து நல்லா அடிக்கிற நிழல்ல நிமித்தி வச்சு காய விடுங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், நடுவுல ஈரம் இருக்கும், நல்லா அமுக்கி பாத்துட்டு அப்புறம் உறை போடுங்க.

உச்சிப்புளி_தம்பி:

இவ்ளோ சிரமம் எதுக்குக்கா. ஃபோமை ஒரு கனமான பாலிதீன் கவர்ல சுத்தி டேப் ஒட்டிட்டு மேல ஜமக்காளத்துல ஒரு உறை தச்சு போட்டா முடிஞ்சது. தண்ணியே உள்ள போகாதுல்ல? பாக்கவும் அழகா இருக்கும். நான் இன்னும் செஞ்சு பாக்கல, யோசனைதான்.

பாம்பன்_போட்டுக்காரன்:

தம்பி, பாலிதீன் மட்டும் சொல்லாத. உக்காந்து எந்திரிக்க எந்திரிக்க ஃபோம் காத்த இழுத்து விடும், அதுக்கு எங்கயாவது ஒரு ஓட்டை வேணும், இல்லன்னா டேப் பிரியும், கவர் மடிப்புல கிழியும். கிழிஞ்ச இடத்துல ஈரக்காத்து போயி உள்ளயே நின்னுரும். போட்டுல ஐஸ் பெட்டி மேல போடுற மெத்தைய இப்படி சுத்தி வச்சவங்க பிரிச்சப்ப உள்ள கருப்பா பூத்து கெடந்துச்சு, நானே கண்ணால பாத்தேன். கடலோரத்துல தண்ணிய தடுக்க நினைக்க கூடாது, வந்த தண்ணி போறதுக்கு வழி விடணும். ஜமக்காளம் பருத்தி, வீட்டுக்குள்ள அருமையா இருக்கும், வெளிய போட்டா ஈரம் பிடிச்சு பூஞ்சைக்கு தீனியாயிரும், வெயில்ல சாயமும் போயிரும்.

லாத்தா சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன் தங்கச்சி. உறையோட அடிப்பக்கம் துணியே போடாதீங்க, வலை போடுங்க. மீன் வலை வேணாம், கண்ணு பெருசு, ஃபோம் பிதுங்கும். தோட்டத்துக்கு போடுறாங்கல்ல பச்சை நிழல்வலை, அத ரெண்டா மடிச்சு போடுங்க. வெயில்ல கெடக்கணும்னே செய்யிறது, சீக்கிரம் இத்துப்போகாது, விலையும் கம்மி. மேல விழுற தண்ணி எல்லாம் கீழ வடிஞ்சுரும், காத்தும் உள்ள போயி வரும்.

நூல் விஷயம் ரொம்ப முக்கியம். உங்க பழைய உறையில துணிக்கு முன்னாடி நூல் போயிருச்சுன்னா அது பருத்தி நூலா இருக்கலாம். நைலானும் வெயில்ல பலம் இழக்கும். பாலியஸ்டர் நூல் கனமா கேட்டு வாங்குங்க. சில பேரு தூண்டிலுக்கு கட்டுற தங்கூஸ் நரம்பு பலமா இருக்கேன்னு அதுல தைக்கிறாங்க, அது துணிய அறுத்துரும். தையல் விட்டுப்போன இடம் மட்டும்னா மிஷினே வேணாம், கோணி ஊசியில அதே நூல ரெட்டையா கோத்து பின்தையல் போட்டா போதும்.

தங்கச்சிமடம்_மாடிவீடு:

லாத்தா, அண்ணே, ரொம்ப நன்றி. அமுக்கி பாத்தேன், மூணு நல்லா எழும்புது, ஒண்ணு மட்டும் பள்ளமா நிக்குது, அதுக்கு மட்டும் மேல் ஷீட் ஒட்டிக்கிறேன். வலை யோசனை பிடிச்சிருக்கு. மேல் துணி என்ன வாங்குறது, எத்தனை மீட்டர்? ஜிப் வைக்கணுமா?

கீழக்கரை_தையல்லாத்தா:

வலை யோசனை நல்ல யோசனை, அதுல துணியும் மிச்சமாகும். வெளியில போடுறதுக்குண்டே ஆக்ரிலிக் துணி வருது, நூலா இழுக்குறதுக்கு முன்னாடியே சாயம் கலந்துருவாங்க, அதனால வெயில்ல லேசுல வெளுக்காது, ஆனா உங்க பணத்துக்கு அது ஒத்து வராது. பாலியஸ்டர் கேன்வாஸ் எடுங்க, ஸ்கூல் பேக் தைக்கிறவங்க வாங்குற ரகம். கடை முன்னாடி பந்தல் துணி தச்சு மாட்டுறவங்ககிட்ட வெட்டுத்துண்டு மிஞ்சும், கேட்டு பாருங்க, நாலு குஷனும் ஒரே நிறமா இருக்கணும்ண்டு இல்லையே. அடர் நிறம் வேணாம், வெயில்ல சுடும், வெளுத்தாலும் பளிச்சுண்டு தெரியும்.

கணக்கு இப்படி. தச்சு முடிச்ச உறை ஃபோமை விட அரை இஞ்ச் சின்னதா இருக்கணும், அப்பதான் சுருக்கம் இல்லாம விம்மி நிக்கும். 20 இஞ்ச் ஃபோமுக்கு மேல் துணி 20.5 இஞ்ச் வெட்டுங்க, ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் தையலுக்கு போனா 19.5 நிக்கும். 54 இஞ்ச் அகல துணியில ரெண்டு ரெண்டா நாலு மேல்துணியும் 41 இஞ்ச் நீளத்துல முடிஞ்சுரும், ஓரத்துல 13 இஞ்ச் மிச்சம் இருக்கும், அதுலயே குஷனோட பக்கவாட்டுல சுத்தி தைக்கிற 4 இஞ்ச் பட்டை மூணு வரும். சுத்துப்பட்டைக்கு இன்னும் கொஞ்சம் வேணும், எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் மீட்டர் போதும். அடியிலயும் துணி போட்டா ரெண்டரை மீட்டர் ஆயிருக்கும். குண்டூசி குத்தாதீங்க, கேன்வாஸ்ல ஓட்டை நிக்கும், துணி காயப்போடுற கிளிப்ப மாட்டிக்கங்க.

ஜிப் கண்டிப்பா வைங்க, கழட்டி கழுவுனாத்தான் உப்பு போகும். பல்லு பிளாஸ்டிக்கா இருக்கணும், உலோகப்பல்லு நம்ம காத்துல பூத்து இறுகிரும். இழுக்குற தலை எப்படியும் உலோகம்தான், அதுல மெழுகுவர்த்திய அப்பப்ப தேய்ச்சு விடுங்க. பின்பக்க பட்டையில வச்சு ரெண்டு மூலையும் தாண்டி ரெண்டு ரெண்டு இஞ்ச் கூடுதலா விடுங்க, இல்லண்டா ஃபோம் நுழையாது. அப்பவும் சிக்குனா ஒரு மெல்லிசு பாலிதீன் பைக்குள்ள ஃபோமை போட்டு உள்ள தள்ளுங்க, வழுக்கிக்கிட்டு போயிரும், போனதும் பைய உருவிருங்க.

பாம்பன்_போட்டுக்காரன்:

இரும்பு சேரையும் கொஞ்சம் பாருங்க. குஷன் படுற இடத்துல துரு இருந்தா புது துணியில செவப்பு கறை ஏறும், அது லேசுல போகாது. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சு மேல பெயிண்ட் அடிச்சுட்டு அப்புறம் குஷன வைங்க. நாலு மூலையிலயும் கட்டுறதுக்கு நாடா தச்சுக்கங்க, கச்சான் காத்துக்கு குஷன் ரோட்டுக்கு போயிரும்.

தங்கச்சிமடம்_மாடிவீடு:

சரிண்ணே, பெயிண்ட் வேலைய முதல்ல முடிச்சுர்றேன். ஐப்பசி கார்த்திகையில எப்படி வைக்கிறது? அப்புறம் கால் மிஷின்ல கேன்வாஸுக்கு எத்தனாம் நம்பர் ஊசி போடணும், வீட்டுல 14தான் இருக்கு.

கீழக்கரை_தையல்லாத்தா:

நமக்கு மழையே வடகிழக்கு பருவத்துலதான், அந்த மாசமெல்லாம் ராத்திரி உள்ள எடுத்து வச்சுருங்க. நனைஞ்சா படுக்க போடாதீங்க, ஒரு ஓரத்துல நிமித்தி வைங்க, தண்ணி சீக்கிரம் இறங்கும். ரொம்ப நாளு எடுத்து வைக்கிறதா இருந்தா பாலிதீன் பை வேண்டாம், பழைய பருத்தி பெட்ஷீட்ல சுத்தி பரண்ல வைங்க. மழை இல்லாத மாசத்துலயும் அப்பப்ப நல்ல தண்ணிய மேல ஊத்தி உப்ப இறக்கி விடுங்க.

ஊசி 16 போடுங்க. தையல் கொஞ்சம் பெருசா வைங்க, ஒரு தையல் 3, 4 மில்லிமீட்டர் இருக்கட்டும், நெருக்கி தச்சா ஓட்டை வரிசையா விழுந்து அந்த இடத்துலயே கிழியும். மூலையில பட்டையும் ஜிப்பும் சேந்து நாலஞ்சு அடுக்கு வரும், அங்க 18 மாத்திக்கிட்டு காலால மிதிக்காம கையால வீல சுத்தி ஒவ்வொரு தையலா இறக்குங்க.