95 சிவிக்: சூடானதும் ஐடில் நிற்கவில்லை

ஸ்காபரோவில் இருக்கிறேன். 1995 ஹோண்டா சிவிக், டி16இசட்6 எஞ்சின், மேனுவல் கியர். பி28 இசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சாக்கெட் பற்றவைத்து, திரும்ப எழுதக்கூடிய சிப் போட்டு டியூனிங் பழகுகிறேன். ஸ்டாக் மேப்பில் (கம்பெனி கொடுத்த எரிபொருள், டைமிங் அட்டவணை) வண்டி சாதுவாகத்தான் ஓடியது. போன மாதம் நிமிடத்துக்கு 240 சிசி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் பதில் 410 சிசி மாட்டினேன், அன்று பிடித்தது தொல்லை.

குளிரில் நன்றாகவே ஸ்டார்ட் ஆகிறது. சூடானதும் ஆர்பிஎம் 800-க்கும் 1500-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் சென்சார்) 16 காட்டுகிறது, அதாவது பெட்ரோல் குறைவு; ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் போட்டால் 17-ஐத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் சரியான விகிதமான 14.7-ஐ ஒட்டியே நிற்கிறது.

புகை விட்டுப் பார்த்தாயிற்று, வேக்குவம் லீக் இல்லை. ஐடில் வால்வைக் கழுவி, கூலண்டில் இருந்த காற்றையும் எடுத்தேன். சர்வீஸ் கனெக்டரை ஜம்பர் செய்து பார்த்தால் டைமிங் 16 டிகிரி. த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் 0.5 வோல்ட். டியூனிங் கடையில் கேட்டால் ஸ்டாண்டலோன் இசியூ (கம்பெனி இசியூவுக்குப் பதில் போடும் தனிக் கணினி) வாங்கு என்கிறார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய சிவிக்கே வாங்கலாம்.

மேப்பில் இன்ஜெக்டர் அளவை மட்டும் மாற்றியிருக்கிறேன், வோல்டேஜ் வாரியான டெட் டைம் (சிக்னல் வந்தபின் இன்ஜெக்டர் திறக்கப் பிடிக்கும் தாமதம்) பழைய இன்ஜெக்டருடையதுதான். முதலில் அதைத் திருத்துவதா, இல்லை ஐடில் பகுதியின் எரிபொருள் கட்டங்களைத் திருத்துவதா?