விலுக்அப்பைத் தூக்கிப் போடலாமா?

பழைய_சீட்டு: பட்டியலில் பதிவெண்ணைத் தேடி மதிப்பெண்ணை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம் விலுக்அப்; அதன் புது வடிவமான எக்ஸ்லுக்அப் வந்த பிறகும் பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் பழையதை நடத்துவது வெட்டி வேலை என்று நேற்று ஒரு பயிற்சியாளர் எழுதியிருந்தார். ஐயா, எங்கள் தேர்வுப் பிரிவில் இருப்பது எக்செல் 2016. அதில் எக்ஸ்லுக்அப் கிடையாது. கரும்பலகையில் வரைந்தா நடத்துவீர்கள்?

எக்செல்_வாத்தியார்: எழுதியது நான்தான். விலுக்அப்பின் கடைசியில், 'சரியாகப் பொருந்தினால் மட்டும் எடு' என்று சொல்லும் ஃபால்ஸ் போட மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? தேர்வுக்கே வராத மாணவனுக்கு முந்தைய பதிவெண்காரனின் மதிப்பெண் வந்து உட்காரும். எச்சரிக்கைகூட வராது. எக்ஸ்லுக்அப்பில் இந்த வம்பே இல்லை.

பழைய_சீட்டு: ஃபால்ஸ் போட்டால் தீர்ந்தது. 2016-இல் எக்ஸ்லுக்அப் கிடையாது.

மல்லிகை: சண்டை இருக்கட்டும். 12 இலக்கப் பதிவெண்ணை அடித்தால் முழு எண்ணும் தெரியாமல் ஈ பிளஸ் 11 என்று சுருங்கி மாறிவிடுகிறது. மூன்று நாள் பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை. பட்டியலைச் சுருக்கிக் காட்டும் பைவட் டேபிள் காட்டினார்கள், போண்டா கொடுத்தார்கள்.

எக்செல்_வாத்தியார்: அந்தக் கட்டத்தின் (செல்) ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றுங்கள் மேடம். சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினிச் சான்றிதழ்த் தேர்வு முடித்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

பழைய_சீட்டு: டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள் மேடம், பதிவெண்ணைக் கூட்டவா போகிறோம்? ஒரு பட்டியலில் டெக்ஸ்ட், இன்னொன்றில் நம்பர் என்றால் இவருடைய எக்ஸ்லுக்அப்பும் கையை விரிக்கும். அப்புறம், சி.ஓ.ஏ.வை ஏன் இழுக்கிறீர்கள்? தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் முடித்து, அதையும் எழுதித் தேறியவன் நான். நீங்கள் வகுப்பெடுக்க வந்த அன்று புரொஜெக்டரை ஓட வைத்தது யார்?

எக்செல்_வாத்தியார்: அந்த ஒயரைப் பிடுங்கி வைத்திருந்ததும் உங்கள் பிரிவுதான்.

சும்மா_வந்தவன்: எக்செல் மாதிரி விரிதாளும் உள்ள லிப்ரே ஆபிஸ் மென்பொருள் இலவசம். 24.8 பதிப்பிலிருந்து அதிலும் எக்ஸ்லுக்அப் இருக்கிறது.

பழைய_சீட்டு: தம்பி, அதை ஏற்ற அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர் லீவில் இருக்கிறார். போன மாதமும் லீவுதான். வாத்தியார் அனுப்பிய மாதிரிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நேம் எரர், அதாவது 'இந்தச் சூத்திரத்தின் பெயரே தெரியாது' என்கிறது!

எக்செல்_வாத்தியார்: திறந்ததும் விடை சரியாகத்தான் தெரிந்திருக்கும். அந்தச் செல்லுக்குள் போய் என்டர் தட்டச் சொன்னது யார்?

பழைய_சீட்டு: தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சுவரில் காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

மல்லிகை: டெக்ஸ்ட் என்று மாற்றினேன். ஈ பிளஸ் 11 அப்படியே இருக்கிறது.

எக்செல்_வாத்தியார்: நம்பர் என்று சொன்னேனே! ஃபால்ஸ் மறந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

பழைய_சீட்டு: மேடம், டெக்ஸ்ட் ஆக்கிய பிறகு எண்ணைத் திரும்ப அடிக்க வேண்டும். வாத்தியாருக்குப் பதில்: 2016.