புடவைக்கடை வேலை: ஓ.டி. மணிக்கு 100 ரூபா சரியா?

களுவாஞ்சிகுடிப் புள்ள:
வணக்கம். மட்டக்களப்பு டவுனில ஒரு புடவைக்கடையில சேல்ஸில நிக்கிறன். அடிப்படைச் சம்பளம் 30,000, வாழ்க்கைச் செலவுப்படி 6,000. காலையில 8.30க்குப் போனா இரவு 7.30க்குத்தான் விடுவாங்க. பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். திங்கள் தொடக்கம் சனி வரைக்கும் இதே நேரம்தான், ஞாயிறு லீவு. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் ஓ.டி. (மேலதிக நேர வேலை) எண்டு போட்டு, மணிக்கு 100 ரூபா தாறாங்க. கேட்டா எல்லாக் கடையிலயும் இதுதான் ரேட்டாம். போயாவுக்கும் (பௌர்ணமி லீவு நாள்) கடை திறப்பாங்க, அதுக்குத் தனியா ஒண்டுமில்ல. சட்டப்படி எவ்வளவு வரணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபெக்டரி அக்கா:
100 ரூபாயா? அநியாயம் தங்கச்சி. நான் தையல் ஃபெக்டரியில வேலை. எங்களுக்கு மாதச் சம்பளத்தை 200ஆல பிரிச்சு, அதில ஒண்டரை மடங்கு தருவாங்க. அந்தக் கணக்குக்கு உங்களுக்கு 270 வரணும்.

பழைய கணக்கப்பிள்ளை:
ஒண்டரை மடங்கு சரி. ஆனா 200 எண்டது சம்பளச் சபைக்கு, அதாவது தொழில் வாரியாச் சம்பளம் தீர்மானிக்கிற சபைக்கு, கீழ வாற தொழில்களுக்கு. தையல் அதுக்குள்ள வருது. புடவைக்கடை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள்ள வரும், அங்க பிரிக்கிறது 240ஆல. 36,000ஐ 240ஆல பிரிச்சா 150. ஒண்டரை மடங்கு 225 ரூபா.

அடிப்படையை மட்டும் வைச்சு 187.50தான் எண்டு முதலாளி சொல்லுவார், ஒத்துக்கொள்ளாதீங்க மகள். வாழ்க்கைச் செலவுப்படியும் அந்தச் சட்டத்தில சம்பளம்தான்.

இன்னொண்டு, இதைத்தான் கனபேர் விடுறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் எண்டது போல, கிழமைக்கு 45 எண்டும் ஒரு எல்லை இருக்கு. அதாலதான் கிழமைக்கு ஒண்டரை நாள் லீவு. நீங்க சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு 10 மணித்தியாலம், ஆறு நாளைக்கு 60. அதில 45ஐக் கழிச்சா 15. முதலாளி எழுதுறது 12. சனிக்கிழமைப் பின்னேரம் நீங்க உழைச்ச மூண்டு மணித்தியாலம் கொப்பியில இல்லாமலே போகுது. கிழமைக்கு வாறது 1,200, வரவேண்டியது 3,375. அதோட கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல ஓ.டி. வாங்கவே சட்டத்தில இடமில்ல. அதுக்காக மேலதிக மூண்டுக்கும் காசு இல்லையெண்டு சொல்லேலாது, வேலை வாங்கினவர் குடுக்கத்தான் வேணும்.

ஏறாவூர் நாநா:
போயாவில வேலை செஞ்சா அண்டைய நாள் சம்பளத்தில ஒண்டரை மடங்கு. வர்த்தக விடுமுறை நாள் எண்டா ரெட்டிப்பு, இல்லாட்டி வருசம் முடியிறதுக்குள்ள பதில் லீவு.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறாங்களா தங்கச்சி? உங்கட 36,000க்கு உங்கட பக்கம் 8 வீதம் 2,880, முதலாளி பக்கம் 12 வீதம் 4,320. அதுக்கு மேல ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அது முழுக்க முதலாளி. ஓ.டி. காசு இதில சேராது. சம்பளச் சிட்டையில கழிச்சிட்டுக் கட்டாம விடுற இடங்களும் இருக்கு. உங்கட அங்கத்துவ இலக்கத்தை வைச்சு மீதியைப் பாருங்க.

களுவாஞ்சிகுடிப் புள்ள:
கணக்கப்பிள்ளை ஐயா, அந்தச் சனிக்கிழமைக் கணக்கைப் பார்த்த உடனே கை நடுங்கிச்சு. ஈ.பி.எஃப். கழிக்கிறாங்க, 30,000க்கு மட்டும். தொழில் கந்தோருக்குப் போனா பேர் வெளிய வந்து வேலை போயிடுமோ எண்டுதான் பயம். வீட்டில என்ர சம்பளம் மட்டும்தான்.

பழைய கணக்கப்பிள்ளை:
பயம் நியாயம்தான் மகள். தொழில் பரிசோதனை பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கை 1956இல ஏற்றுக்கொண்டது. முறைப்பாடு எங்க இருந்து வந்தது எண்டதைப் பரிசோதகர் வெளியில சொல்லக்கூடாது, முறைப்பாட்டாலதான் வந்தன் எண்டும் முதலாளிக்குச் சொல்லக்கூடாது எண்டு அதில இருக்கு. பேரை ரகசியமா வைக்கச் சொல்லி கந்தோரில முதல்லயே கேளுங்க. பரிசோதகர் வந்தா முழுக் கடையின்ர பதிவையும் பார்க்கலாம், உங்கட பேரை மட்டும் எடுத்துப் பார்க்கத் தேவையில்ல. அதுக்குப் பிறகும் வேலையால நிப்பாட்டினா, வழக்குப் போடத் தொழில் நியாய சபை இருக்கு.

இண்டைக்கே ஒரு கொப்பி வாங்குங்க. வந்த நேரம், போன நேரம், போயா, எல்லாம் அண்டண்டைக்கு எழுதுங்க. கடையின்ர பதிவில 12 எண்டு இருக்கேக்குள்ள உங்கட பக்கம் பேச அந்தக் கொப்பிதான் இருக்கும். சம்பளச் சிட்டையையும் ஃபோனில படம் எடுத்து வையுங்க.

ஃபெக்டரி அக்கா:
தனியாப் போகாதீங்க தங்கச்சி. கூட நிக்கிற புள்ளைகளுக்கும் இதே கணக்குத்தானே? அடிப்படைச் சம்பளம் 30,000க்குக் குறைஞ்ச ஆராவது இருந்தா அதையும் சொல்லுங்க. 2026 ஜனவரியில இருந்து நாட்டில ஆகக் குறைஞ்ச மாதச் சம்பளமே 30,000.

களுவாஞ்சிகுடிப் புள்ள:
இருக்கு அக்கா. புதுசா வந்த ரெண்டு புள்ளைகளுக்கு 25,000தான். அவங்களோட கதைச்சிட்டன், வாறம் எண்டவங்க. முதல்ல ஒரு மாதம் கொப்பியில எழுதிட்டு, மூண்டு பேருமாச் சேர்ந்து மட்டக்களப்புத் தொழில் கந்தோருக்குப் போறம்.