ப்ரொஹைரேசிஸ்: 'மனவுறுதி' வேணாம், 'தெரிமனம்' வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்டோயிக் தத்துவத்துக்கான (பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவ மரபு) நம்ம தமிழ்க் கலைச்சொல் பட்டியல்ல, முடிவெடுக்கற மனசைக் குறிக்கற ப்ரொஹைரேசிஸ்ங்கிற கிரேக்கச் சொல்லுக்கு நேரா 'மனவுறுதி'ன்னு போட்டிருக்கு. அதை இப்படியே முடிச்சுடக் கூடாதுன்னு தான் எழுதறேன், ஏன்னா ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ் சொன்னது மொத்தமும் இந்த ஒரு சொல்லு மேல தான் நிக்குது, இங்க சறுக்கினா மத்த சொல்லெல்லாம் நல்லா அமைஞ்சும் பிரயோஜனம் இல்ல.

அந்த மனுஷன் அடிமையா இருந்து விடுதலையானவர். ரோமப் பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமை விட்டு விரட்டினப்போ கிரேக்கத்துல நிக்கோபோலிஸ்ங்கிற ஊருக்குப் போய் அங்க பாடம் நடத்தினார், தன் கையால எதுவும் எழுதல, மாணவர் அர்ரியன் எழுதி வச்ச உரைகள்ல 4 புத்தகம் நமக்குக் கிடைச்சிருக்கு. அதுல முதல் உரையிலயே, என் காலுக்குத் தான் நீ விலங்கு போட முடியும், என் ப்ரொஹைரேசிஸை கிரேக்கக் கடவுள் ஸீயஸாலகூட ஜெயிக்க முடியாதுன்னு வருது. இதைப் படிச்சதும் 'ஆகா என்ன உறுதி'ன்னு தோணுறது சகஜம், ஆனா அவர் அங்க உறுதியைப் பத்திப் பேசல, உறுதியா இருக்கலாமா மசியலாமான்னு முடிவு பண்ற இடத்தைப் பத்திப் பேசறார். கோழைக்கும் ப்ரொஹைரேசிஸ் உண்டு, திருடனுக்கும் உண்டு. நல்லது கெட்டது ரெண்டுமே அதுக்குள்ள தான் இருக்குங்கிறது அவரோட அடிப்படைக் கொள்கை. 'கெட்ட மனவுறுதி', 'பலவீனமான மனவுறுதி'ன்னு எழுதிப் பாருங்க, வாக்கியமே உட்காரல.

ஐயா ஒருத்தர் 'மனவுறுதி'க்கு ஆதரவா 661-ஆம் குறளைக் காட்டியிருந்தார், "வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம் மற்றைய எல்லாம் பிற". அருமையான இடம், ஆனா எனக்கு அதுல ரெண்டாவது பாதி தான் நமக்கு வேணும்னு படுது, அதுக்குக் கடைசியில வரேன். திட்பம்ங்கிறது எடுத்த முடிவுல நிக்கிறது. நமக்கு வேண்டியது முடிவை எடுக்கறது எதுவோ அது.

மத்தவங்க சொன்ன சொற்களைப் பத்திச் சீக்கிரமா: 'விருப்பம்' ஆகாது, ஆசைக்கு ஸ்டோயிக்குகள்கிட்ட ஒரெக்ஸிஸ்னு தனிச்சொல் இருக்கு, ரெண்டும் மோதும். 'தன்வயம்' கேக்க நல்லா இருக்கு, ஆனா தன்வயத்தனாதல்னு இறைவனோட எண்குணத்துல ஏற்கெனவே உட்கார்ந்த சொல்லு, தினசரி தடுமாறுற மனுஷனுக்கு அதைச் சொன்னா கனம் தாங்காது. 'மனசாட்சி'யைச் சொன்ன தோழிக்கு, சாட்சிங்கிறவர் பார்த்துட்டு நிக்கிறவர், கையெழுத்துப் போடுறவர் வேற ஆளு.

அந்த வேற ஆளு யாருன்னு புரியணும்னா விளக்கு திருடு போன கதையைப் பார்க்கணும். எபிக்டெட்டஸ் வீட்டுல சாமி இருக்கற இடத்துல ஒரு இரும்பு விளக்கு இருந்துது, ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டு இறங்கி ஓடிப் பார்த்தா விளக்கைக் காணோம். நாளைக்கு மண் விளக்கு ஒண்ணு வாங்கிக்கலாம்னு விட்டுட்டார். இதை 'போனாப் போகட்டும்'ங்கிற மனப்பக்குவத்துக்கு உதாரணமா நிறைய பேர் சொல்றாங்க, ஆனா இன்னொரு உரையில அதே திருட்டைத் திருடன் பக்கத்துலேர்ந்து பார்க்கறார் பாருங்க, அது தான் விஷயம்: முழிச்சிருக்கறதுல அவன் என்னை விடக் கெட்டிக்காரன், ஆனா அந்த விளக்கை அவன் என்ன விலை கொடுத்து வாங்கினான், ஒரு விளக்குக்காகத் திருடனா ஆனான், நம்பத் தகாதவனா ஆனான்! இழப்பு விளக்குக்காரருக்கு இல்ல. விலையாப் போனது திருடனோட ப்ரொஹைரேசிஸ். அதை என்ன விலைக்கு விக்கறேன்னு யோசி, வித்துத் தான் ஆகணும்னா மலிவா விக்காதேன்னு இன்னொரு இடத்துலயும் சொல்றார். அதனால நாம வைக்கிற சொல்லுல 'விக்கக்கூடிய, கெட்டுப்போகக்கூடிய ஒண்ணு'ங்கிறது தெரியணும்.

என் பரிந்துரை 'தெரிமனம்'. தெரிதல்னா அறியறதும் தான், தேர்ந்தெடுக்கறதும் தான், தெரிந்தெடுன்னு இன்னிக்கும் சொல்றோம். கிரேக்கச் சொல்லுலயும் யோசிச்சு எடுக்கறதுங்கிற பொருள் தான், வெறும் ஆசையில எடுக்கறது இல்ல. அதோட இது வினைத்தொகை, தெரிந்த மனம், தெரிகின்ற மனம், தெரியும் மனம்னு மூணு காலமும் உள்ள அடங்குது, நேத்து எடுத்த முடிவால உருவாகி இன்னிக்கு முடிவெடுக்கற மனசுன்னு ஒரே சொல்லுல கிடைக்குது. அரிஸ்டாட்டில் ப்ரொஹைரேசிஸ்ங்கிற இதே சொல்லை ஒவ்வொரு தேர்வுச் செயலுக்கும் பயன்படுத்தறார், அங்க 'தெரிவு' போதும். எபிக்டெட்டஸ்கிட்ட அது செயல் இல்ல, ஆளே அது தான், நீ சதையும் இல்ல மயிரும் இல்ல ப்ரொஹைரேசிஸ்ங்கிறார். அதுக்குத் தான் 'மனம்'.

'தெரி'ன்னா கண்ணுக்குத் தெரியறதுன்னு குழப்பம் வரும்ங்கிற ஆட்சேபணை நியாயமானது. தெரிநிலை வினைன்னு இலக்கணத்துல வேற பொருள்ல இருக்கு. ஆனா 'தேர்வு' பரீட்சைக்குப் போயிடுச்சு, 'தேர்மனம்'னா ரதம் ஞாபகம் வருது. ரெண்டு மூணு தடவை வாக்கியத்துல வந்தா தெரிமனம் பழகிடும்னு நம்பறேன்.

வாக்கியத்துல வச்சுப் பார்ப்போம். மேலதிகாரி வந்து, சோதனை நேத்தே முடிஞ்ச மாதிரி தேதியை மாத்திக் கையெழுத்துப் போடுன்னு சொல்றார், சோதனை நடக்கவே இல்ல. போடலைன்னா பதவி உயர்வு போகலாம். பதவி உயர்வு அவர் கையில, கையெழுத்து என் தெரிமனத்துல. இப்ப இங்க 'மனவுறுதி'யை வச்சுப் பாருங்க, அவரை எதிர்த்து நிக்கற வீரக்கதை ஆயிடும், மெதுவா "இதுல நான் போட முடியாது சார், இன்னிக்கு சோதனை பண்ணி இன்னிக்குத் தேதி போடறேன்"னு சொல்றவருக்கு அந்தச் சொல்லுல இடமே இல்ல. செனட்டுக்கு வராதேன்னு பேரரசர் வெஸ்பேசியன் சொன்னப்போ ரோம செனட் உறுப்பினர் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் சொன்ன பதில்கூட எபிக்டெட்டஸ் வாயில இப்படித் தான் வருது: என்னை உறுப்பினரா இல்லாம ஆக்கறது உன் கையில இருக்கு, உறுப்பினரா இருக்கற வரைக்கும் நான் வந்தாகணும். எது யார் வேலைன்னு பிரிச்சது தான் முதல்ல, துணிச்சல் அதுக்கு அப்புறம் வந்தது.

இதுக்கு எதிர்ச்சொல்லும் வேணும், தெரிமனத்துக்கு வெளியில இருக்கற உடம்பு, சொத்து, பேரு, பதவி இதுக்கெல்லாம் அவர் அப்ரொஹைரேட்டான்னு ஒரே சொல்லா சொல்றார். 'புறப்பொருள்கள்'னா புறத்திணையோட குழம்பும். இங்க தான் குறளோட ரெண்டாவது பாதி, 'பிற'ன்னே வச்சுடலாமா? 'தெரிமனமும் பிறவும்'. இதுல ஐயாவோட கருத்தும், எழுவாயா வரும்போது 'பிற' தனியா நிக்குமா 'பிறவை'ன்னு ஆக்கணுமான்னு இலக்கணம் தெரிஞ்சவங்க கருத்தும் தெரிஞ்சா பட்டியல்ல ஏத்திடலாம்.